எட்டு வாரக் கோடை ஆய்வுப் பயிற்சியில் ஃபூரியர் டைகோகிராஃபி நுண்ணோக்கி: எப்படித் திட்டமிடுவது, எங்கே சறுக்கும்?

மூணாம்வருச_இசிஇ

வணக்கம். கணக்கீட்டு ஒளியியலில் எட்டு வாரக் கோடைப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. வழிகாட்டி இரண்டு தலைப்பு கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்: லென்ஸ் இல்லாத கேமரா, அல்லது எல்இடி பலகையை வைத்துச் செய்யும் ஃபூரியர் டைகோகிராஃபி. ஆய்வகத்தில் இருப்பவை: 4 மடங்கு, என்ஏ (லென்ஸ் எவ்வளவு சாய்ந்த ஒளி வரை பிடிக்கும் என்று சொல்லும் எண்) 0.1 ஆப்ஜெக்டிவ் (160 மி.மீ. குழாய் நீளம்), ராஸ்பெரி பை, அதன் ஹெச்க்யூ கேமரா, 32×32 எல்இடி பலகை (புள்ளி இடைவெளி 4 மி.மீ.). பைத்தான் தெரியும். ஃபூரியர் உருமாற்றம் சிக்னல்ஸ் பாடத்தில் படித்ததோடு சரி. எதை எடுக்கலாம்? வாரங்களை எப்படிப் பிரிக்கலாம்? மூத்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

அலைமுகம்

டைகோகிராஃபியை எடுங்கள். கையில் இருக்கும் பொருட்கள் ஏறக்குறைய அதற்கென்றே சேர்த்தவை போல இருக்கின்றன.

அடிப்படை இதுதான். சிறிய என்ஏ உள்ள ஆப்ஜெக்டிவ் பரந்த பரப்பைப் பார்க்கும், நுண்விவரத்தை விட்டுவிடும். மாதிரியின் மீது சாய்வாக ஒளி விழுந்தால், முன்பு லென்ஸுக்கு வெளியே சிதறிப்போன உயர் அதிர்வெண்கள் உள்ளே வரும். ஒவ்வொரு எல்இடியாக ஏற்றி ஒவ்வொரு படம் எடுத்தால், ஒவ்வொன்றும் ஃபூரியர் தளத்தில் (படத்தை அதிர்வெண்களாகப் பிரித்துக் காட்டும் தளம்) ஒரு வட்டத்தைத் தருகிறது. வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தால், கேமரா பதிவு செய்யாத கட்டத்தையும் (phase, ஒளி அலை எவ்வளவு முந்துகிறது, பிந்துகிறது என்பது) கணக்கிட்டு மீட்டு, எல்லாவற்றையும் ஒரே பெரிய வட்டமாகத் தைத்துவிடலாம். கால்டெக்கில் ஜெங், ஹோர்ஸ்ட்மேயர், யாங் குழு 2013-இல் 2 மடங்கு, என்ஏ 0.08 ஆப்ஜெக்டிவை வைத்து 0.5 என்ஏ-வுக்கு இணையான படத்தை எட்டினார்கள். ஏறத்தாழ 120 சதுர மி.மீ. பரப்பு, ஒரு கிகாபிக்சல். அவர்கள் பயன்படுத்தியதும் 32×32 எல்இடி பலகைதான்.

முதல் இரண்டு வாரம் வன்பொருளைத் தொடாதீர்கள். உருவகப்படுத்தல் மட்டும். மூன்றாவது, நான்காவது வாரம் கருவி. ஐந்தில் அளவீட்டுத் திருத்தம். ஆறு, ஏழில் மாதிரிகள். எட்டாவது வாரம் அறிக்கைக்கும் விளக்கப்படத்துக்கும் முழுதாகப் போய்விடும், அதில் எந்த ஆய்வையும் திணிக்காதீர்கள்.

பொள்ளாச்சி_பிக்சல்

லென்ஸ் இல்லாத கேமராவையும் ஒதுக்கிடாதீங்க. பெர்க்லியில லாரா வாலர் ஆய்வகம் டிஃப்யூசர்கேம்னு செஞ்சாங்களே, அதைப் பை கேமராவுல நீங்களே கட்டுறதுக்குப் படிப்படியான வழிகாட்டியே வெளியிட்டிருக்காங்க. பை கேமராவோட லென்ஸை எடுத்துட்டு, சென்சாருக்குச் சில மி.மீ. முன்னால ஒளியைச் சிதறடிக்கிற ஒட்டுநாடா. புள்ளி ஒளியை வெச்சு ஒரே ஒரு அளவீட்டுப் படம். மீதியெல்லாம் டீகன்வொல்யூஷன், அதாவது சிதறின ஒளியிலிருந்து உருவத்தைக் கணக்குல மீட்குறது. முதல் வாரக் கடைசியிலயே ஏதாவது ஒரு உருவம் தெரிய ஆரம்பிச்சிடும்.

சிக்கல் வர்ற இடம் ரெண்டு. ஒண்ணு, நாடாவைச் சுத்தி மறைக்காம விட்டா, புள்ளி ஒளியோட வடிவம் சென்சார் ஓரத்தையும் தாண்டிப் போயிடும், அப்ப வட்டக் கன்வொல்யூஷன்னு எடுத்துக்கிட்ட கணக்கு ஓரத்துல உடையும். பூஜ்யம் சேர்த்து விரிச்சு, கடைசியில வெட்டுறதையும் அந்தக் கணக்குக்குள்ளயே எழுதணும். இன்னொண்ணு, அளவீட்டுக்கு அப்புறம் நாடா ஒரு இம்மி அசைஞ்சாலும் பழைய அளவீடு செல்லாது.

அலைமுகம்

ஒப்புக்கொள்கிறேன், தொடங்குவதற்கு அது எளிது. ஆனாலும் இவருக்கு எட்டு வாரம் இருக்கிறது. டைகோகிராஃபியில் முடிவை எண்ணால் நிறுவ முடியும்: இந்தக் கோடு முன்பு பிரியவில்லை, இப்போது பிரிகிறது என்று காட்டலாம். லென்ஸ் இல்லாத படத்தில் ‘நன்றாக இருக்கிறது’ என்பதைத் தாண்டிச் சொல்வதற்கு இளநிலை மாணவர் மிகவும் சிரமப்படுவார். அந்த வேறுபாடு எனக்கு முக்கியமாகப் படுகிறது.

வடிவியலைச் சொல்கிறேன், காகிதத்தில் போட்டுப் பாருங்கள். பச்சை ஒளி, 0.53 மைக்ரான். பலகையிலிருந்து மாதிரிக்கு 80 மி.மீ. என்றால், நடுவில் இருக்கும் எல்இடிக்கும் பக்கத்து எல்இடிக்கும் இடையே சைன் மதிப்பு 4/80, அதாவது 0.05 மாறும். வட்டத்தின் ஆரம் 0.1, நகர்வு 0.05. பக்கத்து வட்டங்கள் பரப்பில் சுமார் 68 சதவீதம் படியும். பலகையை 60 மி.மீ.க்குக் கொண்டுவந்தால் 58 சதவீதம், 40-க்குக் கொண்டுவந்தால் 39 சதவீதம். பலகை அருகில் வந்தால் சாய்வுக் கோணம் கூடும், தெளிவு கூடும் என்று ஆசை வரும். படிவு 60 சதவீதத்துக்கு மேலேயே இருக்கட்டும். 39-இல் கட்ட மீட்பை நம்ப முடியாது.

நடுவிலிருந்து ஏழு எல்இடி ஆரத்துக்குள் 149 எல்இடிகள் வரும். ஓரத்து எல்இடி 28 மி.மீ. தள்ளி, சைன் 0.33. மொத்த என்ஏ 0.43.

இதில் ஒரு நுணுக்கம். 80 மி.மீ. உயரத்தில் இரண்டாவது எல்இடி 8 மி.மீ. தள்ளி இருக்கிறது, அதன் சைன் 0.0995. லென்ஸின் விளிம்பு 0.1. ஆக நான்கு பக்கமும் உள்ள அந்த நான்கு எல்இடிகளும் துல்லியமாக விளிம்பில் உட்கார்ந்திருக்கும், படம் பாதி வெளிச்சமும் பாதி இருட்டுமாக வரும். மறுஉருவாக்கத்துக்கு அந்தப் படங்கள் மோசமானவை, மையம் கண்டுபிடிக்க மிக நல்லவை. நான்கிலும் நிழல் ஒரே அளவாக, எதிரெதிர் பக்கமாக விழுந்தால் பலகை மையத்தில் இருக்கிறது. ஒன்று முழு வெளிச்சமாகவும் எதிரில் உள்ளது முழு இருட்டாகவும் இருந்தால் நகர்த்துங்கள். மையம் சரியானதும் பலகையை நேராக 85 மி.மீ.க்கு விலக்கித் தரவை எடுங்கள். அங்கே அந்த நான்கும் 0.094 ஆகி உள்ளே வந்துவிடும், படிவு 70 சதவீதம் இருக்கும், மொத்த என்ஏ 0.41. இழப்பு சிறிது, நிம்மதி பெரிது.

மின்சுற்று_மேசை

பலகையைப் பற்றி யாரும் பேசவில்லையே. பாதித் தோல்வி அங்கேதான்.

ஹப்75 இணைப்புப் பலகைகள் விளம்பரப் பலகைக்காகச் செய்தவை. எல்லா எல்இடியும் ஒரே நேரத்தில் எரிவதில்லை. 32×32 பலகையில் பதினாறில் ஒரு பங்கு நேரம்தான் ஒரு வரிசை எரியும், கண் அதைத் தொடர்ச்சியாகப் பார்க்கிறது, கேமரா அப்படிப் பார்க்காது. சாதாரண நூலகத்தைப் போட்டு ஒரு எல்இடியை ஏற்றி 10 மில்லிவினாடி எக்ஸ்போஷர் எடுத்தால் படத்துக்குப் படம் வெளிச்சம் மாறும். ஹெச்க்யூ கேமராவில் வரிசை வரிசையாகப் படிக்கும் ஷட்டர் வேறு இருப்பதால் குறுக்குக் கோடுகளும் விழும்.

தீர்வு: நூலகத்தை விட்டுவிட்டு நேரடியாக ஓட்டுங்கள். வரிசை முகவரியை ஏ, பி, சி, டி கம்பிகளில் நிலையாக வையுங்கள், 32 பிட்டில் ஒரு பிட்டை மட்டும் 1 ஆக்கி உள்ளே தள்ளுங்கள், லாட்ச் கொடுங்கள், ஓஇ கம்பியை (வெளியீட்டை இயக்குவது) தாழ்த்துங்கள். அவ்வளவுதான், எல்இடி இமைக்காமல் எரியும். படம் எடுத்ததும் ஓஇ-யை உயர்த்தி அணையுங்கள், வீணாகச் சூடேற்ற வேண்டாம். ஆர்டுயினோ ஊனோ இதற்குப் போதும், 5 வோல்ட் என்பதால் நேராக இணையும். ராஸ்பெரி பையிலிருந்தே ஓட்டினால் அதன் 3.3 வோல்ட்டை 5 வோல்ட்டாக உயர்த்தும் 74ஹெச்சிடி245 சில்லு ஒன்றை நடுவில் வையுங்கள், இல்லாவிட்டால் சில பலகைகள் அரைகுறையாகக் கேட்கும். எஃப்எம்6126ஏ ஓட்டிச் சில்லு உள்ள பலகை என்றால் தொடக்கத்தில் அதன் பதிவேடுகளுக்கு ஒரு அமைப்புக் கட்டளை அனுப்பாமல் எதுவும் எரியாது. பலகை பழுது என்று திருப்பி அனுப்புவதற்கு முன் பின்பக்கச் சில்லின் எண்ணைப் படியுங்கள்.

முன்னால் கறுப்புப் பிளாஸ்டிக் சட்டம் இருந்தால் கழற்றிவிடுங்கள், சாய்ந்து போகும் ஒளியை அது மறைக்கும். பச்சையை மட்டும் ஏற்றுங்கள். மூன்று நிறச் சில்லுகளும் ஒரே புள்ளியில் இல்லை.

மின்சுற்று_மேசை

ஒன்று விட்டுப்போனது. மங்கிய கசிவு. ஓர் எல்இடி எரியும்போது அதே நெடுவரிசையில் இன்னொன்று கண்ணுக்குத் தெரியாத அளவில் எரியலாம். ஒளிப்புலப் படத்தில் (எல்இடியின் நேரடி ஒளி லென்ஸுக்குள் வரும் படம்) அது ஒன்றும் செய்யாது. இருட்புலப் படத்தில் (மாதிரி சிதறடித்த ஒளி மட்டும் வரும் படம்), நடுவில் இருக்கும் ஓர் எல்இடி ஆயிரத்தில் ஒரு பங்கு கசிந்தாலும் உண்மையான சிதறல் ஒளியை மூழ்கடித்துவிடும்.

சோதனை: மாதிரியை எடுத்துவிட்டு ஓரத்து எல்இடியை ஏற்றி ஒரு வினாடி எக்ஸ்போஷர். அதே எக்ஸ்போஷரில் பலகையை அணைத்து இன்னொன்று. இரண்டும் ஒன்றுபோல இருட்டாக இருக்க வேண்டும். முதல் படம் வெளிச்சமாக இருந்தால் கசிவு, அல்லது குழாயின் உட்சுவரில் பட்டுத் திரும்பும் ஒளி. உட்சுவருக்குப் பளபளப்பில்லாத கறுப்பு வெல்வெட் தாள் ஒட்டி மறுபடி பாருங்கள். அப்போதும் போகாவிட்டால் பலகைதான்.

சென்சார்_தாசன்

கேமராவுக்கு வருவோம்.

ஹெச்க்யூ கேமராவின் சென்சார் ஐஎம்எக்ஸ்477, பிக்சல் 1.55 மைக்ரான். லென்ஸ் எதுவும் மாட்டாமல் வெறும் சென்சாரை ஆப்ஜெக்டிவின் தோள்பட்டையிலிருந்து 150 மி.மீ.யில் வையுங்கள். 160 மி.மீ. குழாயில் பிம்பம் விழும் இடம் அதுதான். பேயர் அமைப்பில் (பிக்சல்கள் மேல் மாறி மாறி வரும் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள்) ஒரே நிறப் பிக்சல்கள் 3.1 மைக்ரானுக்கு ஒருமுறை வரும், 4 மடங்கில் மாதிரியின் மீது அது 0.775 மைக்ரான். என்ஏ 0.1-க்குத் தேவையானது அலைநீளத்தை நான்கு என்ஏ-வால் வகுத்தது, 1.3 மைக்ரான். ஆக தாராளமாகப் போதும். பச்சையில் இரண்டு வகைப் பிக்சல் இருக்கும், ஒன்றை மட்டும் எடுங்கள். இரண்டையும் சராசரி எடுக்காதீர்கள், அவை வேறு வேறு இடத்தில் இருக்கின்றன. வண்ணமாக்கிய ஜேபெக் படத்தை நினைக்கவே வேண்டாம். 12 பிட் கச்சாத் தரவுதான்.

தானியங்கி எக்ஸ்போஷர், தானியங்கி வெண்சமன் இரண்டையும் அணைத்து, அனலாக் கெயினை 1-இல் பூட்டுங்கள். கறுப்பு மட்டம் 4095-இல் 256, அதைக் கழிக்காமல் வர்க்கமூலம் எடுத்தால் எல்லாம் கெடும். இதைவிட மறைவான ஒன்று: சென்சாருக்குள்ளேயே பழுதான பிக்சலைத் திருத்தும் வசதி ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். தனியாக மின்னும் புள்ளியைப் பழுது என்று நினைத்து அழித்துவிடும். வானியல் படம் எடுப்பவர்கள் விண்மீன்கள் காணாமல் போவதாகச் சொல்வது இதனால்தான். இருட்புலப் படம் முழுக்க அப்படிப்பட்ட புள்ளிகள்தானே! ஐஎம்எக்ஸ்477 கர்னல் தொகுதியின் அளவுருக்களில் டிபிசி என்று இருக்கும், அதைப் பூஜ்யமாக்குங்கள்.

எக்ஸ்போஷர் ஒளிப்புலத்துக்கு ஒன்று, இருட்புலத்துக்கு அதைப்போல 20 முதல் 50 மடங்கு. எண் பலகைக்குப் பலகை மாறும், ஹிஸ்டோகிராமைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஒவ்வொரு எக்ஸ்போஷருக்கும் தனித்தனி இருட்டுப் படம் வேண்டும். ஒரு கச்சாப் படம் 25 எம்பி பக்கம், 149 படம் என்றால் ஒரு மாதிரிக்கு 3.7 ஜிபி. எஸ்டி அட்டையில் எழுதாதீர்கள், யுஎஸ்பி எஸ்எஸ்டி வையுங்கள்.

மூணாம்வருச_இசிஇ

மிக்க நன்றி எல்லோருக்கும். உருவகப்படுத்தலில் என்ன சரிபார்க்க வேண்டும்? மறுஉருவாக்கம் அழகாக வருகிறது, அதனால் நிரல் சரி என்று எடுத்துக்கொள்ளலாமா?

அலைமுகம்

கூடாது. வீச்சுக்கும் (ஒளி அலையின் உயரம், செறிவின் வர்க்கமூலம்) கட்டத்துக்கும் ஒரே படத்தைக் கொடுத்திருந்தால் பிழையான நிரலும் அழகான முடிவைக் காட்டும். முற்றிலும் வேறான இரண்டு படங்களைக் கொடுங்கள். வீச்சில் இருப்பது கட்டத்தில் நிழலாகத் தெரிந்தால் எங்கோ பிசகு.

இரண்டாவது, இடம்-வலம், மேல்-கீழ். நிரலில் எல்இடியின் திசைக்குறி தலைகீழாக இருந்தால், உருவகப்படுத்தலில் இரண்டு பக்கமும் ஒரே தவறு என்பதால் தெரியவே தெரியாது. கருவியில் தரவு எடுத்த பிறகுதான் வெளிப்படும். அதனால் கருவி வந்ததும் நான்கு திசைக்குறிக் கூட்டுகளையும் ஓட்டிப் பார்த்து, மீதப் பிழை (கணக்கிட்ட படங்களுக்கும் எடுத்த படங்களுக்கும் உள்ள வேறுபாடு) எதில் குறைகிறது என்று பாருங்கள். x, y இடம் மாறியதையும் சேர்த்தால் எட்டு.

மூன்றாவது, எண்கள். படத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துத்தான் கணக்கிட வேண்டும். 128×128 துண்டு, பிக்சல் 0.775 மைக்ரான் என்றால் துண்டின் அகலம் 99 மைக்ரான். ஃபூரியர் தளத்தில் லென்ஸ் வட்டத்தின் ஆரம் 18.7 பிக்சல் வர வேண்டும். நடுவில் பக்கத்து எல்இடிக்கான நகர்வு 80 மி.மீ.யில் 9.4 பிக்சல். இந்த இரண்டு எண்ணையும் நிரல் அச்சிடட்டும். வரவில்லை என்றால் மேலே போகாதீர்கள்.

கேமரா பதிவது செறிவு, நீங்கள் மாற்றியமைப்பது வீச்சு. வர்க்கமூலம் மறக்கக் கூடாது. எஃப்எஃப்டி-யின் மையப்படுத்தலையும் முன்னும் பின்னும் ஒரே முறையில் செய்யுங்கள். பெரிய தளத்திலிருந்து சிறிய தளத்துக்கு வெட்டும்போது பரப்பு விகிதத்தால் அளவைத் திருத்தாவிட்டால் வெளிச்சத்தின் அளவு பிசகும்.

மதுரை_மைக்ரான்

உருவகப்படுத்தல் முடித்துக் கருவிக்கு வந்துவிட்ட இன்னொரு குழுவின் கேள்வி இது. தரவிலிருந்து வரும் மறுஉருவாக்கம் நடுத் துண்டில் நன்றாக இருக்கிறது, ஓரத் துண்டுகளில் கோடுகள் இரட்டையாகின்றன. கட்டப் படத்தில் துண்டுக்குத் துண்டு சாய்வு மாறுகிறது. அல்காரிதத்தை மாற்ற வேண்டுமா?

அலைமுகம்

அல்காரிதத்தைத் தொடாதீர்கள். கோணத்தை ஒவ்வொரு துண்டுக்கும் தனியாகக் கணக்கிடுகிறீர்களா? மையத்திலிருந்து 0.6 மி.மீ. தள்ளிய துண்டுக்கு, 80 மி.மீ. உயரத்தில் கோணம் 0.0075 மாறும். அது ஃபூரியர் தளத்தில் 1.4 பிக்சல். நடுத் துண்டின் கோணங்களையே எல்லாத் துண்டுக்கும் கொடுத்தால் நீங்கள் சொல்லும் அறிகுறி அப்படியே வரும்.

எந்தப் பிழை எவ்வளவு கெடுக்கும் என்பதை மனத்தில் வையுங்கள். பலகை 1 டிகிரி சுழன்றிருந்தால் ஓரத்து எல்இடிக்கு ஒரு பிக்சல் பிழை. உயரத்தில் 2 மி.மீ. தவறினால் ஓரத்தில் 1.4 பிக்சல். பக்கவாட்டில் 1 மி.மீ. நகர்ந்திருந்தால் நடுவிலேயே 2.3 பிக்சல், அதுவும் எல்லா எல்இடிக்கும் ஒரே திசையில். மையம்தான் முதலில். 2018-இல் எக்கர்ட், பிலிப்ஸ், வாலர் மூவரும் எழுதிய கோணச் சுயதிருத்தக் கட்டுரை இதற்கு மிகவும் பயன்படும்: ஒளிப்புலப் படத்தின் ஃபூரியர் வீச்சை எடுத்தால் இரண்டு வட்டங்கள் தெரியும், அவற்றின் மையத்திலிருந்து கோணத்தை நேரடியாக அளக்கலாம்.

இதற்குப் பிறகும் ஓரம் மங்கினால் அது லென்ஸின் பிறழ்ச்சி. மலிவான 4 மடங்கு ஆப்ஜெக்டிவில் எதிர்பார்க்க வேண்டியதே. ஊ, ஜெங், யாங் 2014-இல் கொடுத்த முறையில் லென்ஸின் கண்துளைச் சார்பையும் (லென்ஸ் ஒளி அலையை எப்படி மாற்றுகிறது என்பதன் கணக்கு) சேர்த்தே மீட்கலாம். ஆனால் முதல் சில சுற்றுகள் கண்துளையை மாற்றாமல் ஓட்டி, பிறகு விடுவியுங்கள். தொடக்கத்திலேயே விடுவித்தால் கோணப் பிழையையெல்லாம் அது தனக்குள் விழுங்கிக்கொண்டு பார்ப்பதற்குச் சரியானது போலக் காட்டும்.

சென்சார்_தாசன்

கூடவே: தரவு எடுக்கும் தொடக்கத்திலும் முடிவிலும் நடு எல்இடியில் ஒவ்வொரு படம் எடுத்து ஒப்பிடுங்கள். ஒரு பிக்சலுக்கு மேல் நகர்ந்திருந்தால் அந்தத் தரவை ஒதுக்கிவிட்டுப் புதிதாக எடுங்கள். 3டி அச்சிட்ட மேடை சூட்டில் மெதுவாக நகரும். ஓரத்து எல்இடியின் வெளிச்சம் நடுவைவிட 20 சதவீதம் குறைவாக இருப்பது இயல்பு, கோசைனின் நான்காம் அடுக்குப்படி வருவது. அதைக் கணக்கில் சேருங்கள்.

பொள்ளாச்சி_பிக்சல்

ரெண்டாம் வருசப் பசங்க யாராச்சும் இதைப் படிச்சா, எங்கெல்லாம் விண்ணப்பிக்கலாம்னு சொல்லிடுறேன். அமெரிக்காவுல என்எஸ்எஃப் (தேசிய அறிவியல் அறக்கட்டளை) நிதியில நடக்குற ஆர்இயு, அதாவது இளநிலை மாணவர் ஆய்வுப் பயிற்சி, பெரும்பாலும் பத்து வாரம். அது அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை அட்டை வெச்சிருக்கிறவங்களுக்கும்தான், இங்கிருந்து விண்ணப்பிச்சு நேரத்தை வீணாக்காதீங்க. கால்டெக்கோட சர்ஃப் கோடை ஆய்வுத் திட்டத்துக்கு முதல்ல அங்க ஒரு பேராசிரியரோட பேசி, அவரோட சேர்ந்து ஆய்வு முன்மொழிவு எழுதணும். இந்தியாவுல மூணு அறிவியல் அகாதெமிகள் சேர்ந்து நடத்துற கோடை ஆய்வு உதவித்தொகை ரெண்டு மாசம். ஐஐடி மெட்ராஸும் கோடை உதவித்தொகை வெச்சிருக்கு. கனடாவுக்கு மைட்டாக்ஸ் குளோபலிங்க், ஜெர்மனிக்கு டாட் (ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பு) தர்ற வைஸ் உதவித்தொகை. பெரும்பாலும் முந்தின வருசக் கடைசிக்குள்ளயே கதவு மூடிடும், ஏப்ரல்ல தேட ஆரம்பிச்சா ஒண்ணும் மிஞ்சாது.

பேராசிரியருக்கு எழுதுற மின்னஞ்சல் பத்து வரி போதும். அவங்க கட்டுரை ஒண்ணுல எந்தப் படத்தை நீங்க உருவகப்படுத்திப் பாத்தீங்க, என்ன வந்துச்சு, எங்க ஒத்துப்போகலைன்னு எழுதி, அந்த ஒரு வரைபடத்தை இணைங்க. ‘ஆர்வமுள்ள மாணவன்’னு எழுதுறதைவிட அதுக்குத்தான் பதில் வரும்.

மூணாம்வருச_இசிஇ

மாதிரி எதை வைப்பது? யுஎஸ்ஏஎஃப் 1951 தகடு (தெளிவை அளக்க, படிப்படியாகச் சிறுக்கும் கோடுகள் உள்ள கண்ணாடி) ஆய்வகத்தில் இருக்கிறது, ஏழாவது தொகுதி வரை.

மதுரை_மைக்ரான்

அது எதை நிறுவும், எதை நிறுவாது என்று முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். நடு எல்இடி மட்டும் எரியும்போது என்ஏ 0.1-இன் எல்லை மி.மீ.க்கு 189 கோட்டு இணைகள். ஏழாவது தொகுதியின் நான்காவது உறுப்பு 181, அது எல்லைக்குள் இருக்கிறது. ஐந்தாவது 203, ஆறாவது 228. இந்த இரண்டும் ஒற்றைப் படத்தில் பிரியாமல் மறுஉருவாக்கத்தில் பிரிந்தால் முறை பலிக்கிறது என்று காட்டிவிட்டீர்கள். ஆனால் 0.41 என்ஏ கொடுக்க வேண்டியது 770-க்கும் மேல். உங்கள் தகடு 228-இல் முடிந்துவிடுகிறது. ஆகவே அறிக்கையில் ‘0.41 என்ஏ தெளிவு எட்டப்பட்டது’ என்று எழுத இந்தத் தகடு சான்றாகாது. ஒன்பதாவது தொகுதி உள்ள தகட்டை வேறு துறையிலிருந்து ஒரு நாள் கடன் கேளுங்கள், விலை கூடியது என்பதால் கையுறையோடு. கிடைக்கவில்லை என்றால், ‘குறைந்தது 228’ என்று எழுதுங்கள். அது நேர்மையான எண், நடுவர்கள் அதைத்தான் மதிப்பார்கள்.

உயிரியல் மாதிரிக்கு மெல்லிய இரத்தப் பூச்சு நல்லது, ஆய்வகத்தில் தயாராக விற்கும் நிரந்தரத் தகடாக வாங்குங்கள். சாயமேற்றாத கன்னச் செல்கள் கட்டப் படத்தில் அருமையாக வரும், ஒளிப்புலத்தில் ஏறக்குறைய கண்ணுக்கே படாதவை. வெங்காயத் தோல் வேண்டாம். தடிமன் பல பத்து மைக்ரான்கள், சாய்ந்த ஒளிக்கு அது வேறு பொருளாகத் தெரியும், மெல்லிய மாதிரி என்ற அனுமானமே உடைந்துவிடும்.

மூணாம்வருச_இசிஇ

புரிந்தது. எத்தனை சுற்று ஓட்டுவது? ஜிபியு வேண்டுமா?

அலைமுகம்

பத்து முதல் இருபது சுற்று. நடு எல்இடியிலிருந்து தொடங்கி வெளியே போகும் வரிசையில். 128 பிக்சல் துண்டுக்கு மடிக்கணினியில் நம்பை (பைத்தானின் எண்கணித நூலகம்) போதும். மீதப் பிழை இறங்கி மறுபடி ஏறத் தொடங்கினால் இருட்புலப் பின்னணி சரியாகக் கழியவில்லை என்று பொருள், இருட்டுப் படங்களைத் திரும்ப எடுங்கள்.